ஊழியக் குடும்பங்களின் விருந்துச் செலவை யார் சுமப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே மாதம் பிறந்துவிட்டால் நாளிதழ்களின் சேலம் பக்கத்தில் ஏற்காடு இடம்பெறாத நாள் இருப்பதில்லை. கோடை விழா, அண்ணா பூங்காவின் மலர்க்கண்காட்சி, படகுத்துறையில் நிற்கும் கூட்டம், கொண்டை ஊசி வளைவுகளில் தேங்கி நிற்கும் வாகனங்கள், விடுதி அறைகளின் வாடகை என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவை வேண்டிய செய்திகளே. ஆனால் அதே மலையில் ஒரு ரூபாய்கூட வாங்காமல் விருந்தினரை வரவேற்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளின் அடுப்படி எப்படி நடக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு, குறிப்பாகத் திருச்சபைகளைச் சேர்ந்த வாசகர்களுக்கு, எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தால் இக்கடிதத்தை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டது. பொறுத்துக்கொண்டு இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நானும் என் மனைவியும் சேலத்தைச் சேர்ந்தவர்கள். ஜார்க்கண்ட் மாநிலத்தில் சந்தால் மக்கள் வாழும் பகுதியில் மிஷனெரிகளாகப் பணி செய்து வருகிறோம். விடுப்பில் ஊருக்கு வந்திருந்த எங்களை, ஏற்காட்டிலிருந்து நாகலூர் செல்லும் பாதையில் பிரிந்து போகும் ஒரு மலைக்கிராமத்தில் ஊழியம் செய்யும் நண்பர் குடும்பம், பிள்ளைகளோடு வந்து சில நாட்கள் தங்கிப்போகும்படி அழைத்தது. அவரும் நானும் ஒரே பயிற்சி நிலையத்தில் படித்தவர்கள். அவருடைய சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாலையில் மலைவாழ் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, நோயாளிகளைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கூட இருந்து பார்ப்பது, சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் எழுதித் தருவது, ஞாயிறுதோறும் ஒரு சிறு கூட்டத்தோடு ஆராதனை நடத்துவது ஆகியவை அவர்களுடைய பணி. வீட்டில் கணவன், மனைவி, பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த இரு பிள்ளைகள் என நால்வர்.

அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று பேருந்து போய், இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து ஒரு ஜீப்பிலும் பிறகு நடந்தும் ஊரை அடைந்தபோது உச்சிவெயில் தாண்டியிருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் யாரும் உண்டிருக்கவில்லை. எங்களுக்காகக் காத்திருந்தார்கள். முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துண்டும் வைத்திருந்தது. “வாங்கண்ணே, வாங்க மதினி, முதல்ல கால் கழுவிட்டு உக்காருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்” என்று அந்தச் சகோதரி சொன்னபோது, என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தால் கிராமங்களில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு செம்பு நிறையத் தண்ணீரைக் கொண்டுவந்து விருந்தாளியின் முன் வைத்து, குனிந்து வணங்கி நலம் விசாரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பார்கள். பீகார் எல்லையில் ஒரு சந்தால் மூதாட்டியும் சேர்வராயன் மலையில் ஒரு நெல்லைப் பெண்ணும் ஒரே முறையில் எங்களை வரவேற்றதை அவர் நினைத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

அன்று அவர்கள் பரிமாறியது கூட்டாஞ்சோறு. துவரம்பருப்பும் அரிசியும் சேர்த்து, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், வாழைக்காய், மாங்காய் எல்லாம் போட்டு நெல்லை முறையில் ஆக்கியிருந்தார்கள். அதில் அந்த மலையின் பலாக்கொட்டையும் இருந்தது. தொட்டுக்கொள்ள அப்பளமும் கூழ் வற்றலும் வைத்தார்கள். மறுநாள் காலையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும், மதியம் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் காய்ந்த மொச்சைக்கொட்டைக் குழம்பும். இரவில் எங்கள் பிள்ளைகளுக்கென்று தோசை. வீட்டின் பின்னால் நாலைந்து காப்பிச் செடிகள் நிற்கின்றன. தை மாதத்தில் பழம் பறித்து, காயவைத்து, உரலில் குத்தி, மண்சட்டியில் வறுத்துப் பொடித்து வைத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வரும் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, பாலில்லாமல் அவர்கள் தந்த வரக்காப்பியை நான் இனி எங்கே குடிக்கப்போகிறேன் என்று தெரியவில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது ஏற்காடு போகும் எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய செய்தி. பெரிய எஸ்டேட்டுகளின் காப்பி எங்கெங்கோ போகிறது. நாலு செடிக் காப்பி வருகிறவர்களுக்கென்றே டப்பாவில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது.

உணவைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சமையலில் பாதி அந்த வீட்டுடையது அன்று. நாங்கள் வந்த செய்தி பரவியவுடன், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் முறம் நிறையச் சாமை கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். இன்னொரு வீட்டிலிருந்து ஒரு பலாப்பழம் வந்தது. மாலையில் ஒரு பெரியவர் சிறிய புட்டியில் மலைத்தேன் கொடுத்து, “பிள்ளைங்களுக்குக் குடுங்க சாமி” என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் போனார். இவர்களில் சிலர் அந்தச் சிறு ஆராதனைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள், பலர் வராதவர்கள். அப்போது ஊரே சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் வேறு மலைகளிலிருந்து வந்த உறவினர் நிறைந்திருந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவரில் ஒருவர் சேர்வராயன் மலையிலும், ஒருவர் பச்சைமலையிலும், ஒருவர் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்று தங்கள் முன்னோரைப் பற்றி அவர்கள் கதை சொல்வார்கள். அதனால் மலைக்கு மலை பங்காளிகளும் சம்பந்திகளும் உண்டு. தங்கள் வீட்டில் அத்தனை பேருக்குச் சோறாக்க வேண்டிய நேரத்திலும், ஊழியக்காரர் வீட்டு விருந்தாளிகளை அவர்கள் மறக்கவில்லை. ஒரு வீட்டுக்கு வந்தவர் ஊருக்கே விருந்தாளி என்பது அங்கே யாரும் சொல்லித் தராத பழக்கம். அந்தப் பழக்கத்துக்குள் என் நண்பர் குடும்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டிருப்பதை விட, அவர்களுடைய பல ஆண்டு உழைப்புக்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

இரவில் குடும்ப ஜெபம் முடிந்த பிறகு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பழைய கீர்த்தனைகளைப் பிள்ளைகள் புத்தகமில்லாமல் பாடினார்கள். அடுப்படியில் பெண்கள் இருவரும் பேசிய பேச்சு எங்களுடையதைவிட நீண்டது. பிறகு என் மனைவி எனக்குச் சொன்ன ஒரு வார்த்தையை, அந்தச் சகோதரியின் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். “மதினி, வர்றவங்க எல்லாருக்கும் நாங்க சாட்சி சொல்லணும். எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை ஊர் போனீங்க, என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. எனக்கு முதுகு வலிக்குதுன்னு நான் யார்கிட்டச் சொல்ல? உங்ககிட்டச் சொன்னா நீங்க அறிக்கையில எழுத மாட்டீங்கல்ல?” என்று அவர் கேட்டிருக்கிறார்.

இதை ஊழியக் குடும்பங்கள் எல்லாம் உணர்ந்திருக்கின்றன. அனுப்பும் சபைகள் போதிய அளவு உணரவில்லை என்பது என் கருத்து. பணித்தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பார்வையாளர்களாகவே வருகிறார்கள். அவர்கள் முன்னால் வீடு துப்புரவாக இருக்க வேண்டும், பிள்ளைகள் வசனம் ஒப்பிக்க வேண்டும், ஊழியர் சோர்வில்லாமல் பேச வேண்டும். வந்தவர் அன்போடுதான் வருகிறார், சந்தேகமில்லை. ஆனால் வீட்டார் இளைப்பாற முடிவதில்லை. அதே பாரத்தைச் சுமக்கும் இன்னொரு குடும்பம் வந்தால், விளக்கம் எதுவும் தேவைப்படாது. மொழி புரியாமல் தவித்த முதல் ஆண்டு, மலேரியாவில் படுத்த பிள்ளை, ஊரில் தாய் இறந்தபோது போய்ச் சேர முடியாத தூரம் இவற்றையெல்லாம் பாதி வாக்கியத்திலேயே அவர்கள் புரிந்துகொள்வார்கள். ஊழியக் குடும்பங்கள் ஒன்றையொன்று சென்று பார்ப்பதை நம் சபைகள் உல்லாசப் பயணமாக எண்ணாமல், ஊழியத்தின் ஒரு பகுதியாகவே எண்ணி, அதற்கான வழிச்செலவைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சேலத்துக்கு இது புதிய காரியமன்று. 1827-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிரிஸ்ப் சேலத்தில் பணியைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 1831-இல், இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்களில் முக்கியமானவரான லெக்லர் 1861-இல் காலமானார். ரயில் வசதியும் மருத்துவ வசதியும் இல்லாத அந்நாட்களில், ஒரு ஊழியரின் பயணம் இன்னொரு ஊழியரின் வீட்டிலிருந்து அடுத்தவரின் வீட்டுக்கு என்பதாகவே இருந்தது. வெயில் தாங்காமல் நோயுற்றவர்கள் மலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏற்காடு அப்படி இளைப்பாறும் இடமாகவும் இருந்தது, பணித்தளமாகவும் இருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த டேனிஷ் மிஷன் ஊழியர்கள் இம்மலைமக்கள் நடுவில் பணி செய்திருக்கிறார்கள். அந்த மிஷனிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. நாங்கள் பணி செய்யும் சந்தால் பகுதியிலும் ஒரு டென்மார்க் தொடர்பு உண்டு. பியோரெசன் என்ற டென்மார்க்காரரும் ஸ்க்ரெஃப்ஸ்ரூட் என்ற நார்வேக்காரரும் 1867-இல் தும்காவுக்கு அருகே பெனகரியாவில் தங்கள் பணியை ஆரம்பித்தார்கள். அந்தக் காப்பிச் செடிகளின் அருகே உட்கார்ந்து இதைப் பேசிக்கொண்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் எங்கள் இரு பணித்தளங்களும் ஒரே சிறிய நாட்டு மக்களின் காணிக்கையைப் பெற்றவை என்று எண்ணி இருவரும் நன்றி சொன்னோம்.

கொல்லிமலையின் கதையைச் சேலத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லின் பிராண்டும் 1913-இல் மணமுடித்துக் கொல்லிமலைக்குக் குடிபோனார்கள். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை இருக்கும் அந்த மலைக்கு அப்போது ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. சாமான்களும் மனிதர்களும் மலைவாசிகளின் தோளிலேயே ஏறிப் போக வேண்டியிருந்தது. தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் பிறந்தது இந்தத் தம்பதியருக்குத்தான். கணவர் 1929-இல் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். மனைவியோ ஓய்வுபெறும் வயது வந்த பின்னும் மலைகளை விட்டுப் போகாமல், மலைமக்களுடைய ‘பாட்டி’யாக வாழ்ந்து, 1974-இல் தம் 95-ஆம் வயதில் காலமானார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அத்தனை ஆண்டுகள் ஓர் அந்நியப் பெண்ணை அம்மலைகளில் வாழவைத்ததில், ஊர் ஊராக அவருக்குத் திண்ணையும் சோறும் கொடுத்த மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. விருந்தோம்பல் என்றால் மிஷனெரி கொடுப்பது மட்டும் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருப்பத்தூரில் 1921-இல் டாக்டர் ஜேசுதாசனும் டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தையும் என் நண்பர் அடிக்கடி நினைவுகூர்வார். தமிழர் ஒருவரும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரும் சமமாகத் தரையில் உட்கார்ந்து, எளிய மரக்கறி உணவை எல்லோரோடும் பகிர்ந்து உண்டு, நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார்கள். வெள்ளைக்காரரும் இந்தியரும் ஒரே பந்தியில் உட்காருவது அரிதாயிருந்த காலம் அது. என் நண்பரின் வீட்டில் மேசை இல்லை, நாற்காலிகள் இரண்டே உண்டு. அவையும் முதியவர்கள் வந்தால் எடுத்துப் போடுவதற்காக. மற்றபடி எல்லோருக்கும் பாய்தான். எல்லோருக்கும் ஒரே பந்திதான். களை எடுத்துவிட்டு வரும் கூலிப்பெண்ணும், சேலத்திலிருந்து வரும் சபை மூப்பரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் கண்டேன்.

பிள்ளைகளைப் பற்றி எழுதாவிட்டால் இக்கடிதம் குறைபட்டதாகும். ஊழியர்களின் பிள்ளைகளில் பலர் பள்ளி விடுதிகளில் வளர்கிறவர்கள். டோனாவூரில் மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காகவே நடக்கும் சந்தோஷ வித்யாலயா போன்ற பள்ளிகள் செய்துவரும் சேவை பெரிது. வட மாநிலங்களின் உள்கிராமங்களில் பணி செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படி ஒரு பள்ளி இல்லாமற்போனால், பாதிப்பேர் பணித்தளத்தை விட்டுத் திரும்பியிருப்பார்கள். இருந்தாலும் பிரிவு பிரிவுதான். பால் பிராண்டையும் அவர் தங்கையையும் 1923-இல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். தகப்பனைப் பால் அதன்பின் பார்க்கவேயில்லை. இன்று நமக்கு அவ்வளவு கொடிய பிரிவு இல்லை. ஆனால் விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளைக்கு அந்த வீட்டு ஊர் அந்நியமாக இருக்கிறது. விளையாடத் தோழர் இல்லை. பெற்றோரோ வந்துபோகிறவர்களைக் கவனிப்பதில் மூழ்கியிருக்கிறார்கள். நண்பரின் மகனும் என் மகளும் முதல் நாள் ஒருவரோடொருவர் பேசவில்லை. மறுநாள் முதல், இருவரும் தங்கள் விடுதிகளின் சட்டதிட்டங்களையும் சாப்பாட்டையும் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கியவர்கள், இரவு விளக்கணைக்கச் சொல்லும் வரை ஓயவில்லை. “என்னைப் போலவே ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சுது அப்பா” என்று என் மகள் சொன்னாள். ஊழியக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் ஒன்றாகக் கூடித் தங்குவதற்குச் சேலத்துச் சபைகள் மலையிலோ அடிவாரத்திலோ சில அறைகளை ஒதுக்கிக் கொடுத்தால், அதனால் முதலில் பயனடையப்போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்தான்.

இனி, நான் எழுதத் தொடங்கியதற்கு முதற்காரணமான செலவைப் பற்றிச் சொல்கிறேன். நண்பரின் மனைவி மளிகைக்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதை அவர் காட்டவில்லை. எங்கள் மகள் விளையாட்டாக எடுத்துப் படித்ததால் எங்களுக்குத் தெரியவந்தது. மார்ச் மாதம் வரை ஒரு பக்கத்தில் முடியும் கணக்கு, ஏப்ரலிலும் மே மாதத்திலும் பக்கம் பக்கமாக நீண்டிருந்தது. எரிவாயு உருளையும் பருப்பும் எண்ணெயும் கீழிருந்து ஜீப்பில் வரவேண்டும். அதற்கு ஏற்றுகூலி தனி. அவர்களுக்கு மாதந்தோறும் வரும் தொகை குடும்பத்தின் தேவையை அளந்து கொடுக்கப்படுவது; அதில் விருந்தினருக்கென்று ஒன்றும் இல்லை. கோடையில் ஏற்காடு வருகிற சபைக் குழுக்கள், “பக்கத்தில்தானே நம் மிஷனெரி இருக்கிறார், ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம்” என்று வருகிறார்கள். நாங்கள் அங்கே இருந்தபோதே ஒரு வேன் நிறைய ஆட்கள் முன்னறிவிப்பின்றி மதிய வேளையில் வந்து இறங்கினார்கள். எந்த ஊர், எந்தச் சபை என்பதை எழுதப்போவதில்லை. அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். மனமுருகி ஜெபித்தார்கள், பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்தார்கள், எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் அத்தனை பேருக்கும் சோறு வடிக்கப்பட்டது. அடுத்த வாரத்துக்கென்று வைத்திருந்த அரிசி அன்றே தீர்ந்தது. அந்தச் சகோதரியின் முகத்தில் ஒரு சுளிப்பும் தோன்றவில்லை. அவர் பந்தியில் உட்காரவே இல்லை என்பதை வந்தவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

தமிழ்நாட்டுச் சபைகள் மிஷனெரிகளை அனுப்பத் தொடங்கிய வரலாறு அடுப்படியில்தான் ஆரம்பிக்கிறது. 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கமும், 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கமும் பிறந்தபோது, வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் இந்தியர்களின் காணிக்கையாலேயே இந்திய ஊழியர்களைத் தாங்குவது என்று முடிவெடுத்தார்கள். அந்தக் காணிக்கையில் பெரும்பங்கு ஏழைப் பெண்களுடையது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிடியரிசிக் காணிக்கை என்ற அந்த வழக்கம் பல சபைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. என் பாட்டி அப்படி அரிசி சேர்த்த பானையை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஆகவே நான் கேட்பது புதிய ஏற்பாடு எதையும் அன்று. ஊழியரின் ஊதியத்துக்காக எடுக்கப்பட்ட அந்தப் பிடியோடு, ஊழியரின் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்காக இன்னொரு பிடியும் எடுக்கப்பட வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

அனுப்பும் சங்கங்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதத் தொகையோடு விருந்தினர் படி என்று ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கொடுக்கலாம். அதற்குக் கணக்குக் கேட்கக்கூடாது. யார் வந்தார், என்ன சாப்பிட்டார் என்று ரசீது எழுதும்படி ஒரு குடும்பத்தலைவியை வற்புறுத்துவது அந்த வீட்டின் முற்றத்தில் வைத்த தண்ணீர் வாளியையே அவமதிப்பதாகும். மலைக்கு வரும் சபைக் குழுக்கள் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகவாவது தெரிவித்துவிட்டு வரவேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுவர வேண்டும். பெண்கள் சிலர் முன்னதாகவே வந்து அடுப்படியில் கைகொடுக்க வேண்டும். இதையெல்லாம் வீட்டார் ஒருபோதும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். நாங்கள் சேலத்து மாம்பழக் கூடையோடு சேர்த்து ஒரு மூட்டை அரிசியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோதே, “இதெல்லாம் எதுக்குண்ணே, நாங்க என்ன இல்லாமயா இருக்கோம்?” என்று நண்பர் வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைப் பொருட்படுத்தாமல் மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும் என்பதே என் ஆலோசனை.

இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட குடும்பங்களை நாம் நம் வீடுகளுக்கு அழைக்கிறோமா? சேலத்துக்கு மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ வரும் மலைமேல் ஊழியர், வேலை முடிந்து கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார். அதைத் தவறவிட்டால் பேருந்து நிலையத்தில் இரவைக் கழிக்கிறார். நகரத்தில் எத்தனை கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன! ஒவ்வொரு சபையிலும் இரண்டு வீடுகள் தங்கள் எண்ணை அவரிடம் கொடுத்து, “எந்த நேரமானாலும் வாருங்கள், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்” என்று சொல்லிவைத்தால் போதும். எங்கள் பெற்றோரின் வீட்டில், நாங்கள் ஜார்க்கண்டுக்குத் திரும்பிய பிறகும், அவர்களுக்கென்று ஒரு கட்டிலை ஒழித்து வைப்பதாக முடிவுசெய்திருக்கிறோம். என் தாயார் இப்போதே அந்தச் சகோதரியின் முதுகுவலிக்கு நல்ல மருத்துவர் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

நாங்கள் புறப்பட்ட அன்று காலையில், மூட்டைக்குள் எங்களுக்குத் தெரியாமல் காப்பிப்பொடியும் உலர்ந்த மிளகும் பலாக்கொட்டையும் வைக்கப்பட்டிருந்ததை வீட்டுக்கு வந்தபிறகே கண்டோம். ஏற்காட்டுப் பேருந்து நிலையம் வரை நண்பர் உடன்வந்து வழியனுப்பினார். திரும்பிப் போகையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது.

சேலம், ஏற்காடு, ஆத்தூர், நாமக்கல் பகுதிகளில் உள்ள சபைகளின் பொறுப்பாளர்களும் மிஷனெரி இயக்கங்களின் செயலாளர்களும் இதைப் படித்து, விருந்தினர் படி பற்றித் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலைக்குப் புறப்பட இருக்கும் குழுக்கள் பல இன்னும் இருக்கின்றன. பள்ளிகள் திறக்கும் முன், இம்மாதத்திலேயே இக்கடிதத்தை வெளியிட்டால், அவர்களுடைய வேனில் ஒரு மூட்டை அரிசிக்கும் இடம் ஒதுக்க நேரம் இருக்கும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்